வேட்பாளர் வந்தது

பிரேக் அக்காவுக்குத் தேர்தலில் நிற்க வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரி முக்கில் ஒரு வளைவுக் கண்ணாடி வைக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. அதைக் கேட்டு நகர மன்றத்துக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்த பிறகு, "கண்ணாடி கேட்டு அலையறதைவிட கவுன்சிலர் ஆயிடறது சுலபங்க்கா" என்று அங்கிருந்த ப்யூன் சொன்னான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். அக்கா அதைத் திசைகாட்டிப் பலகையாக எடுத்துக்கொண்டாள்.

அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவளிடம் அடி வாங்கிய கைகள். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக் கடவுளை நினைக்கிற நேரத்தில், பக்கத்துச் சீட்டிலிருந்து "பிரேக்! பிரேக்!" என்று ஒரு குரல் கொடுப்பாள் பாருங்கள், அடுத்த தெருவில் போகிற லாரி நின்றுவிடும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஆஸ்பத்திரி முக்கில் மதில்சுவர் தொப்பை தள்ளிய மாதிரி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் வருகிறவனுக்கு அந்தப் பக்கம் வருகிறவன் தெரியாது. இரண்டு பேரும் சந்தித்துக்கொண்ட பிறகுதான் தெரியும். ஆம்புலன்ஸே ஒருமுறை ஒரு ஆளை இடித்து, அவரையே ஏற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. இதைப் பற்றி வட்டாரக் கவுன்சிலரிடம் அக்கா முறையிட்டாள். காதிலிருந்து காது வரைக்கும் மீசை வளர்த்தவர் என்பதால் ஊருக்கே அவர் மீசைக்காரர். அவர் மீசையைத் தடவியபடி பெருந்தன்மையோடு பதில் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வாசல்லதானேம்மா அடிபடறாங்க? தூரமா அடிபட்டாத்தான் நாம கவலைப்படணும்."

மறுநாளே அக்கா வேட்பு மனுப் போடக் கிளம்பிவிட்டாள்.

அந்த வருஷம் பார்த்துத்தான் பாலின நடுநிலை வாக்களிப்பு ஆணையம் என்று ஒன்று புதிதாகப் பிறந்திருந்தது. வேட்பாளர் ஆணா பெண்ணா என்று பார்த்து ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்களோ என்று மேலிடத்தில் யாருக்கோ சந்தேகம் வந்திருக்கிறது. ஆள் வைத்து விசாரித்தார்கள். சிலர் ஆமாம் என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள். பெரும்பாலோர் "கேக்கறது எந்தக் கட்சி?" என்றார்கள். ஆக, நிலைமை மோசம் என்று முடிவாகி, ஆணையம் அமைந்தது.

ஆணையத்தின் அறையில் நீளமான மேஜை. மேஜைக்குப் பின்னால் ஏழு நாற்காலி, ஏழு ஆண்கள், ஆளுக்கொரு மூடி போட்ட தண்ணீர் டம்ளர். நடுவில் இருந்தவர் தலைவர். எடை அளவுத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு வார்த்தையையும் படிக்கல் வைத்து நிறுத்துப் போடுகிறவர் போலப் பேசுவார்.

"வாக்காளர் வேட்பாளரோட பாலினத்தப் பாக்கறாரு. இது ஒரு நோய். நோய் எங்க இருக்கு? கண்ணுல. அப்ப நாம என்ன பண்ணணும்?"

"கண்ணைத் திறந்து, ஆளு என்ன செய்வாங்கன்னு பாக்கச் சொல்லணுங்களா?" என்றாள் அக்கா.

"கண்ணைக் கட்டணும். வாக்காளர் கண்ணைக் கட்டிப் பாத்தோம். ஓட்டுப் பெட்டி மேல தடுக்கி விழறாங்க. அதனால வேட்பாளரை மூடிடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

அக்கா மேஜையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஏழு பேர்ல ஒரு பொம்பளைகூட இல்லையே?"

தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார்.

"அதைத்தான் நாங்க பெருமையா சொல்லிக்கறோம். ஒரு பெண்ணைச் சேத்திருந்தா, பெண்ணுன்னு பாத்துச் சேத்த மாதிரி ஆயிடும் இல்லையா? நாங்க பாலினமே பாக்கலை. தகுதியத்தான் பாத்தோம். தகுதி ஏழும் இப்படி வந்து உக்காந்துடுச்சு."

மற்ற ஆறு தகுதிகளும் தலையாட்டின.

அந்த வட்டாரத்தில் வேட்பாளர்கள் இரண்டே பேர். மீசைக்காரர் அனுபவத்தில் மூத்தவர் என்பதால் அவருக்கு நபர் அ என்றும், அக்காவுக்கு நபர் ஆ என்றும் பெயரிட்டார்கள். தேர்தல் முடியும்வரை யாரும் நிஜப் பெயரைச் சொல்லக் கூடாது. ஆளைப் பற்றிப் பேசும் விதத்துக்குத் தனியாக ஒரு பயிற்சி வகுப்பு. மீசைக்காரருக்கு அதிலிருந்து விலக்கு. பதவியில் இருக்கிறவர் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அக்கா மட்டும் காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆணையத்தின் இலக்கண அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துப் பலகையில் எழுதினார்.

*வேட்பாளர் வந்தது. வேட்பாளர் பேசியது. வேட்பாளர் உட்கார்ந்தது.*

"எங்க, சொல்லுங்க."

"ஐயா, ஏதோ ஆட்டுக்குட்டி வந்து உக்காந்த மாதிரி இருக்கே."

"மழை வந்தது, பஸ் வந்தது, வேட்பாளர் வந்தது. என்ன குறை? வந்தான்னு சொன்னா ஆண். வந்தாள்னு சொன்னா பெண். ரெண்டும் ஆணையத்துக்கு ஆகாது."

"வந்தார்னு சொல்லலாமே? அது ரெண்டு பேருக்கும் பொதுதானே?"

இலக்கண அதிகாரி வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இலக்கணப்படி பொதுதான். ஆனா மரியாதையா சொன்னா ஜனங்க ஆம்பளைன்னு நெனச்சுக்கறாங்க. சோதிச்சுப் பாத்துட்டோம்."

"அப்ப அது யாரோட கோளாறு?"

"அது நிச்சயமா இலக்கணத்தோட கோளாறு இல்லம்மா" என்றவர் திடுக்கிட்டு, "அம்மான்னு சொன்னதை அழிச்சுடுங்க" என்று டஸ்டரை எடுத்து, எழுதாத இடத்தைப் பரபரவென்று துடைத்தார்.

நல்லவேளை, 'நான்' என்கிற சொல்லுக்குப் பாலினம் கிடையாது. ஆகவே வேட்பாளர்கள் தங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்று ஆணையம் அனுமதித்தது. மீசைக்காரர் அந்தத் துறையில் ஏற்கெனவே கரை கண்டவர்.

அடுத்து அங்கி வந்தது. சாம்பல் நிறத்தில், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே சாக்கு. அக்கா போட்டுப் பார்த்தாள். தோள் முழங்கையில் தொங்கியது.

"இது யார் அளவுக்குத் தைச்சது?" என்று தையல்காரரைக் கேட்டாள்.

"பொது அளவுங்க."

"பொதுன்னா?"

"தலைவர் போட்டுப் பாத்தாருங்க. கச்சிதமா இருந்துச்சு."

அங்கிக்கு மேல் முகமூடி. கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி. வேட்பாளர் பேசினால் அது குரலை மாற்றித் தரும். அக்கா "வணக்கம்" என்றாள். பெட்டிக்குள்ளிருந்து தொண்டை கட்டிய பெரிய மனிதர் ஒருவர் வணக்கம் சொன்னார்.

"ஆம்பளைக் குரலாச்சே!" என்று அக்கா சொல்ல, அதையும் அந்தப் பெரிய மனிதரே சொன்னார்.

"இல்லைங்க, இது சாதாரணக் குரல்" என்றான் பெட்டி மாட்டியவன். "பொம்பளைக் குரல்தான் தனியாத் தெரியும். இது யாரோட குரலும் இல்லை. தலைவர் பேசிக் குடுத்தாரு."

மீசைக்காரருக்கு முகமூடி போட்டபோது ஒரு சிக்கல். இரண்டு பக்கமும் மீசை வெளியே வந்து நின்றது. ஆணையம் அவசரமாகக் கூடியது. மீசை ஆண் என்பதன் அடையாளம் அல்ல, வேட்பாளரின் நெடுங்காலப் பொதுச்சேவையின் அடையாளம். அதை மறைப்பது வாக்காளருக்குச் செய்கிற அநீதி என்று தீர்ப்பு வந்தது. பேருந்து நிறுத்தங்களில் இருந்த அவருடைய பெரிய பெரிய படங்களும் ஊரின் பொதுச் சொத்து என்ற வகையில் அப்படியே இருந்தன. அதே கூட்டத்தில், நபர் ஆ-வின் காதில் உள்ள ஓட்டைகள் பாலினத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று கண்டுபிடித்து, இரண்டு காதிலும் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார்கள்.

ஆணையம் அதோடு விடவில்லை. வீட்டைச் சோதிக்க ஒரு கண்காணிப்பாளரை அனுப்பியது.

வீட்டில் நாலு பேர். அக்கா, பேட்டரிக் கடை வைத்திருக்கிற அவள் கணவர், பள்ளிக்கூடம் போகிற மகள், மாமனார். மாமனார் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வுபெற்றவர். உத்தரவைக் காட்டி ஊரார் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் ஜப்தி செய்தே வயசானவர். ஆகவே எழுதி வந்த எதற்கும் மனிதர் கட்டுப்படுவார். மருமகள் தேர்தலில் நிற்கிறாள் என்றதுமே அவர் தன் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டார்: "பொம்பளைக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை, போடப் போறதும் இல்லை. உன்மேல கோவம் ஒண்ணும் இல்லைம்மா. பழக்கம் இல்லை, அவ்வளவுதான்."

கண்காணிப்பாளர் கூடத்தில் நின்று அறிவித்தார். "வேட்பாளரை வீட்டுக்குள்ளயும் உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. மனைவி, மருமகள், அம்மா, எதுவும் ஆகாது."

"அப்ப நான் எப்படிங்க கூப்பிடறது?" என்றார் கணவர்.

"இவ்வளவு நாளா எப்படிக் கூப்பிட்டீங்க?"

கணவர் யோசித்தார். "இந்தா, ஏய், இங்க பாரு, காதுல விழுதா... இப்படித்தான்."

கண்காணிப்பாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கல்யாணம் ஆனதுலேர்ந்தே நீங்க நடுநிலையாத்தான் இருந்திருக்கீங்க!"

அக்கா கணவரைப் பார்த்தாள். பேட்டரிக் கடைக்காரர் அவசரமாகக் கடைக்குக் கிளம்பினார்.

மகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. மறுநாள் காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "பெற்றோரே, என் சாக்ஸ் எங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். மாமனாரோ ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "சட்டப்படி இந்த வீட்டுல வேட்பாளர் யாருன்னு எனக்குத் தெரியாது." அதற்குப் பிறகு அக்கா சாம்பல் அங்கியோடு கூடத்தைக் கடந்து போனால், செய்தித்தாளைச் சற்றே உயர்த்தி, "யாரோ போறாப்பல இருக்கு" என்று காலண்டரிடம் சொல்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆணையம் அங்கியை மாட்டிவிடுவதற்கு முன்னால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பிரேக் அக்கா நிக்கறாங்களாம், கண்ணாடி வைக்கணுமாம்" என்பார்கள். "வெச்சா நல்லதுதான்" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். அங்கி வந்த பிறகு ஊருக்கு வேறு பேச்சே இல்லை. சலூனில், டீக்கடையில், வங்கி வரிசையில் எல்லாம், சாம்பல் அங்கி படியேறும்போது எந்தக் காலை முதலில் வைத்தது, தண்ணீர் குடிக்கும்போது எப்படிக் குடித்தது என்றே ஆராய்ச்சி நடந்தது. யாரென்று தெரிந்தவர்களே அதிக மும்முரமாக ஆராய்ந்தார்கள். கண்ணாடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்காரி ஆஸ்பத்திரி முக்கில் அடிபட்டாள். கடை பூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தவளை, சுவருக்குப் பின்னாலிருந்து வந்த வேன் தட்டிவிட்டது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அக்காவிடம் வண்டி கற்றுக்கொண்டவள், நெருங்கிய சிநேகிதி. சேதி கேட்டதும் அக்கா போட்டது போட்டபடி ஓடினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். அதை யாரோ ஆணையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சாயந்திரமே இலக்கண அதிகாரி அந்த வார்டுக்கு வந்து, நின்றபடியே ஆணையத்தின் எச்சரிக்கையைப் படித்தார்.

"வேட்பாளர் பொது இடத்தில் கண்ணீர் வடித்தது. கண்ணீரை வாக்காளர்கள் பெண்மையோடு சேர்த்துப் பார்க்கக்கூடும். வேட்பாளர் வருந்த விரும்பினால் முகமூடிக்குள்ளேயே வருந்தலாம்."

"கால் ஒடிஞ்சதுக்கு என்னைவிட எங்க வீட்டுக்காரர்தான் ஜாஸ்தி அழுதாரு" என்றாள் மருந்துக்கடைக்காரி, மாவுக்கட்டுக் காலோடு படுத்தபடி. "அவரையும் எச்சரிப்பீங்களா?"

"அவர் தேர்தல்ல நிக்கலையே" என்றார் அதிகாரி.

மறுநாள் மீசைக்காரர் முகமூடியும் மீசையுமாக நாலு புகைப்படக்காரர்களோடு வந்தார். நோயாளியின் தலைமாட்டில் நின்று, வெளிச்சம் சரியாக விழுகிற வரைக்கும் மூன்று விதமாக வருந்தினார். ஆணையம் இதையும் ஆராய்ந்தது. இதில் கண்ணீர் இல்லாததால் ஆட்சேபணையும் இல்லை என்றது.

அன்றைக்குத்தான் அக்காவுக்கு முதன்முதலாக வெறி வந்தது. வீட்டுக்கு வந்து அங்கியைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். "ஒரு கண்ணாடி. ஒரு கம்பம். நாலு போல்ட்டு. இதுக்கு நான் ஆட்டுக்குட்டியாகி, கெழவன் குரல்ல பேசி, அழக்கூட முடியாம..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கணவர் ஏதோ சொல்ல வந்து, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் அங்கியை எடுத்து உதறி மடித்து வைத்தார். காலையில் அவளே அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பொது விவாதம் நகர மன்ற மண்டபத்தில் நடந்தது. உட்கார இடமில்லாத கூட்டம். மேடையில் ஒரு பக்கம் ஏழு ஆணையர்கள், மறு பக்கம் இரண்டு சாம்பல் சாக்குகள். மருந்துக்கடைக்காரி சக்கர நாற்காலியில் முதல் வரிசைக்கு முன்னால் இருந்தாள். தலைவர் எழுந்து, "இங்க யாரும் யாரையும் ஆணாகவோ பெண்ணாகவோ பாக்கக் கூடாது. கனவான்களே, ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அக்கா முக்கு, சுவர், கண்ணாடி என்று விளக்கிப் பேசி முடித்தாள். முதல் கேள்வி கேட்க ஒரு மீன்கடைக்காரர் எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ பொம்பளையா இருந்தா என் ஓட்டு கிடையாது. ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

மாதர் சங்கத் தலைவி விடவில்லை. உடனே எழுந்தாள். "நீங்க பெண்ணா இருந்தா எங்க ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான். நீங்க கண்ணாடியப் பத்தியெல்லாம் பேசவே வேண்டாம்."

"நான் மோசமான ஆளா இருந்தா?" என்று கேட்டது அக்காவின் பெட்டி.

"பெண்ணா இருந்தா பரவாயில்லை" என்றாள் தலைவி.

இருவரையும் உட்காரச் சொல்லித் தலைவர் மணியடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மேடைக்குப் பக்கத்துச் சரிவில் இரண்டு ஆட்கள் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியைத் தள்ளுவண்டியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பிடி நழுவியது. வண்டி சரிவில் உருண்டு, மருந்துக்கடைக்காரியின் சக்கர நாற்காலியை நோக்கி நேராக வந்தது.

அக்கா துள்ளி எழுந்தாள். "பிரேக்! பிரேக்! கட்டையப் போடு, அடியில கட்டையப் போடு!"

குரல் தலைவருடைய குரல்தான். ஆனால் மண்டபத்தில் ஒரு சத்தம் கேட்டது. இருந்தவர்களில் பாதிப்பேரின் வலது கால் ஒரே நேரத்தில் தரையை ஓங்கி மிதித்த சத்தம். மாதர் சங்கத் தலைவி மிதித்தாள். மீன்கடைக்காரர் மிதித்தார். யாரோ கட்டையைப் போட, வண்டி சக்கர நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிறகு கூரை அதிர்கிற மாதிரி சிரிப்பு. ஏனென்றால் மேடையில் தலைவரின் வலது காலும் மேஜைக்கடியில் நீட்டி, இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்கும் வண்டி கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அன்றிரவு சாப்பாட்டின்போது மாமனார் தட்டைப் பார்த்தபடி பேசினார். "அந்த நபர் ஆ, பேசுச்சு பாரு. அதிகாரமா, தெளிவா. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்." கணவருக்குப் புரையேறியது. அக்கா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளிவிட்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் நிமிரவே இல்லை.

மறுநாள் காலை ஆணையம் அவளை விசாரணைக்கு அழைத்தது.

"நேத்து சபையில உங்க அடையாளம் வெளிப்பட்டுடுச்சு" என்றார் தலைவர். "கால் வழியா வெளிப்பட்டிருக்கு. விதிப்படி வேட்பு மனு ரத்தாகும்."

"யாரோட அடையாளம்?"

"உங்களோடது."

"நான் யாரு?"

தலைவர் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஆணையத்துக்குத் தெரியாது."

"தெரியாம எப்படி தலைவரே?" என்றார் கடைசியில் இருந்த தகுதி. "நம்ம பிரேக் அக்..." பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்தினார். ஆணையத்துக்குத் தெரியும் என்றால், ஆணையமே பாலினம் பார்த்துவிட்டதாக அர்த்தம். தெரியாது என்றால், எதுவும் வெளிப்படவில்லை என்று அர்த்தம். இலக்கண அதிகாரியைக் கூப்பிட்டு உத்தரவை எழுதச் சொன்னார்கள். "அவள் தன்னை வெளிப்படுத்தினாள்னு எழுதினா, வெளிப்படுத்தறது நாமதான்" என்றார் அவர். "அது தன்னை வெளிப்படுத்தியதுன்னு எழுதினா, எதை வெளிப்படுத்தியதுன்னு கேப்பாங்க."

"பேசாம நேராவே கேட்டுடலாமே, ஆணா பெண்ணான்னு?" என்றார் இன்னொருவர். மற்ற ஆறு பேரும் கெட்ட வார்த்தையைக் கேட்டவர்கள் போல அவரைப் பார்த்தார்கள். நெடுநேரம் ஏழு பேரும் தண்ணீர் குடித்தார்கள்.

"ஐயா, எனக்கு வகுப்பு இருக்கு. கிளம்பட்டுமா?" என்றாள் அக்கா.

"தீர்ப்பு காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுது" என்றார் தலைவர் நிம்மதியாக.

அக்கா வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். கழுத்திலிருந்து பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவளுடைய குரலிலேயே பேசினாள்.

"பொம்பளைன்னு பாத்து எனக்கு ஓட்டுப் போடறேங்கறவங்களையும் எனக்குப் பிடிக்கலை. பொம்பளைன்னு பாத்துப் போடமாட்டேங்கறவங்களையும் பிடிக்கலை. ஆனா அவங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாங்க. நான் பதிலுக்கு அவங்க மூஞ்சியப் பாத்துச் சண்டை போடலாம், பேசிப் பேசி மனசை மாத்தலாம். நீங்க என் மூஞ்சிய எடுத்துட்டு, உங்க குரலைக் குடுத்துட்டு, அதுக்கு நியாயம்னு பேரும் வெச்சுட்டீங்க. உங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது?"

"பெட்டி இல்லாம பேசினதால இது பதிவாகாது" என்றார் தலைவர்.

வாக்குப்பதிவு நாளன்று மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் வந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். அவர் வாசற்படியில் வந்து நின்றார். வழக்கமாக அங்கே வராதவர்.

"போட்டுட்டேன்."

"யாருக்கு மாமா?"

"நபர் ஆவுக்கு."

அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள். "அது பொம்பளைன்னு ஊர்ல பேசிக்கறாங்களே."

மாமனார் கதவு நிலையைத் தடவினார். "எனக்குத் தெரியாமலாம்மா இருக்கும்? இந்த வயசுக்கு மேல, நான் இத்தனை நாள் சொன்னது தப்புன்னு நாலு பேர் முன்னாடி எப்படி ஒத்துக்கறது? தெரியாதுன்னு சட்டம் போட்டானுங்க. எனக்கு அது வசதியாப் போச்சு." சொல்லிவிட்டு விடுவிடென்று கூடத்துக்குப் போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

நபர் ஆ வென்றது. மீசைக்காரர், ஆளை மூடிவைத்துவிட்டுப் போடச் சொன்ன ஓட்டு செல்லாது என்று அறிக்கை விட்டார். தலைவர் மேடையில் தன் கையாலேயே அக்காவின் முகமூடியைக் கழற்றி, இரண்டடி பின்வாங்கி, "ஒரு பெண்!" என்று ஆச்சரியப்பட்டார். அதை ஆணையம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தது.

புது மன்றம் கூடுகிற நாள் வந்தது. அதுவரை சாக்குக்குள் இருந்த பாலினம், அன்றைக்குக் காலையில் வாசலிலேயே அக்காவுக்காகக் காத்திருந்தது. செயலாளர் ஓடி வந்து, "வாங்கம்மா வாங்க" என்று இரண்டு கையாலும் ஒரு தட்டை நீட்டினார். தட்டில் பட்டுத்துணி, துணியின் மேல் ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோல்.

"இதை நீங்கதாம்மா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். ஆணையத் தலைவர் வந்து வெட்டுவாரு. பெண் உறுப்பினர் பிடிச்சா ஒரு களையா இருக்கும். அப்புறம், உங்களைப் பெண்கள் நலக் குழுவுல போட்டிருக்கோம். வரவேற்பும் அதே குழுதான் பாத்துக்கும்."

"நான் சாலைக் குழு கேட்டிருந்தேனே?"

செயலாளர் கனிவோடு சிரித்தார். "அங்க எல்லாம் வண்டி, பிரேக்கு, வளைவுன்னு பேசிக்கிட்டிருப்பாங்கம்மா. உங்களுக்கு சலிப்பாயிடும்."

அதற்குள் தலைவரின் கார் வந்தது. அவர் இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். "இந்த மன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினரக் குடுத்தது எங்க ஆணையம்! அதை நாங்க எப்பவும் சொல்லிக் காட்ட மாட்டோம். ஆனா வரலாறு சொல்லிக்கிட்டே இருக்கும்." நேராக அக்காவிடம் வந்து கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினார். கைதட்டினார்கள். கத்தரிக்கோலைத் திரும்ப வைக்கக் கை நீட்டினார்.

அக்கா தட்டை அவர் கையிலேயே வைத்தாள். "கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றாள். அவரும் பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே போனாள். அறையின் நடுவில் சாலைக் குழுவுக்கான மேஜை இருந்தது. காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்குரிய உறுப்பினர் வந்து பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். அக்கா நகரவில்லை. செயலாளர் வந்து குனிந்து என்னவோ சொன்னார். அவள் அதற்கும் நகரவில்லை. உட்கார்ந்துவிட்ட உறுப்பினரை எழுப்புவதற்கு மன்றத்தில் விதி எதுவும் இருக்கவில்லை. நின்றவர் கடைசியில் சுவரோரமாகக் கிடந்த ஒரு ஸ்டூலைத் தேடிப் போனார்.

வாசலில் தலைவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். வைப்பதற்கு இடமும் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. நேரம் கழித்து ஓடிவந்த ஒரு உறுப்பினர், முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் தன் குடையை அந்தத் தட்டின் மேல் வைத்தார்.

"உள்ள ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் மதில்சுவரின் தொப்பை எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையை விரித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.